தரையில் தொலைந்த மைனஸ் ஒன்பது

கல்யாணத்தன்று காலையில் ஒரு மாப்பிள்ளையைக் கண் தெரியாமல் தடவ விட்டவள் நான். என் தொழில் கண் பரிசோதனை. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

பூந்தமல்லியில் சொந்தமாகக் கண்ணாடிக்கடை திறந்தபோது என் கூட்டாளி பஷீர் பாய். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதில் கெட்டிக்காரர். பத்து வருஷம் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த பழைய கடையை, என்னை நம்பி விட்டுவிட்டு வந்தவர். லென்ஸ், ஃபிரேம், மெஷின் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். "தரை மட்டும் என் பொறுப்பு பாய்" என்றேன். வாடகைக் கடை. பழைய டைல்ஸை உடைக்கக் கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டதால், அதன் மேலேயே வினைல் தரைவிரிப்பு ஒட்டுவதாக ஏற்பாடு.

உடனே நான் வினைல் நிபுணராகிவிட்டேன். நாற்பது வீடியோ பார்த்தேன். வீட்டுக்குப் போடுவது வேறு, கடைக்குப் போடுவது வேறு. ஜனம் நடமாடும் இடமென்றால் மேல் படலம் தடிமனாக இருக்க வேண்டும் என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன். கொரட்டூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு சிலிண்டர் கொண்டுவந்தவரும் தப்பவில்லை. (பாவம், அவர் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார்.)

அம்பத்தூரில் ஒரு ஷோரூமில் வைத்துத்தான் என் விதி தீர்மானமானது. சாம்பல் நிறத் தரை. அதன் மேல் கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாக, அரிசி மூட்டை பிரிந்து சிதறினாற்போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். விற்பவர் அதைத் தடவிக்கொண்டே மூன்று விஷயம் சொன்னார்.

"அழுக்கு விழுந்தா தெரியாது மேடம். பொருள் விழுந்தா உடையாது. சத்தமும் கேக்காது."

சாம்பிள் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதனை நடத்தினேன். நாற்காலியை இழுத்தேன். காபியைக் கொட்டினேன். ஒரு கரண்டி சாம்பார்ப் பொடியைத் தூவிவிட்டு என் கணவர் செந்திலைக் கூப்பிட்டு, "இதுல என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலையே."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒட்டி முடித்த தரையைப் பஷீர் பாய் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, எள்ளைக் கொட்டி வெச்சா மாரி கீது. நம்ம வேலைக்கு ப்ளைனா க்ரீம் கலர் போட்டிருக்கலாமே."

"ரெண்டே நாள்ல அழுக்காயிடும் பாய். இது கமர்ஷியல் தரை. உங்களுக்குத் தெரியாது."

(முப்பது வருஷமாகக் கடுகளவு ஸ்குரூவோடு குடும்பம் நடத்துகிறவரிடம் நான் சொன்னது இது.)

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்கே சாயங்காலம் பஷீர் பாயின் அக்கா மகன் இர்ஃபானுக்கு நிக்காஹ். "மாப்பிள்ளையே முதல் போணி பண்ணட்டும்" என்று பாய் அவனைக் கையோடு அழைத்துவந்தார். இர்ஃபானுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்பது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது மனிதரா பீரோவா என்று தெரியாது. கண்ணாடி லேசாக லூசாகியிருந்தது, அவ்வளவுதான். பாய் கை நீட்டினார். விருந்தாளிகள் முன்னால் முதல் வேலையை நான்தான் செய்ய வேண்டும் என்ற ஆசையில், "குடுங்க பாய், நானே டைட் பண்றேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகினேனோ தெரியாது. அது துள்ளி விழுந்தது. ஃபிரேம் வாயைப் பிளந்தது. வலது லென்ஸ் வழுக்கிக்கொண்டு போயிற்று.

விற்பவர் சொன்ன மூன்றும் சத்தியம். உடையவில்லை. சத்தம் கேட்கவில்லை. விழுந்தது எங்கே என்று தெரியவே இல்லை.

"யாரும் நவுறாதீங்க" என்றார் பாய்.

செந்தில், கட்டட ஓனர், பாயின் அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர் முட்டி போட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்தோம். ஆளுக்கொரு முறை "கெடச்சிருச்சு" என்றோம்; ஒவ்வொரு முறையும் அது ஒரு புள்ளி. இர்ஃபானும் இறங்கி ஓனரின் ஷூவைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஸ்வீட் பாக்ஸோடு உள்ளே வந்த என் சித்தப்பா ஒரு கணம் பார்த்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பயபக்தியோடு அவரும் முட்டி போட்டார். பத்து நிமிஷம் கழித்துத்தான், "என்ன வேண்டுதல்மா இது?" என்று என் காதில் கேட்டார்.

வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தேடிகினு கீறீங்க?"

"லென்ஸ்."

"இந்தத் தரையிலயா?" என்று ஒரு முறை குனிந்து பார்த்தவர், ஆறுதலாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. ஸ்குரூவுக்கு மாற்று இருந்தது. லென்ஸுக்கு இல்லை, ஆர்டர் கொடுத்தால் வர மூன்று நாள் ஆகும். இர்ஃபானிடம் வேறு கண்ணாடியும் கிடையாது. இருந்த ஒற்றை லென்ஸை மாட்டிவிட்டுப் பார்த்தோம். இரண்டடி வைத்தவன் தலை சுற்றி, திறப்பு விழாவுக்காக நான் போட்டிருந்த மாலையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் அம்மா என்னைப் பார்த்து, "புள்ள பொண்ணு மொகத்தையாவது பாக்கணும்மா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசியில் பாய்தான் சோதனை அறைக்குள் போய் அதை எடுத்துவந்தார். கண் டெஸ்ட் பண்ணும்போது மூக்கின் மேல் மாட்டுவோமே, திருகாணியும் நம்பர் போட்ட வளையமுமாக ஒரு வட்ட இரும்புச் சட்டம், அது. இரண்டு பக்கமும் மைனஸ் ஒன்பதைச் செருகி மருமகன் முகத்தில் மாட்டினார். "தெரியுதாடா?"

"சூப்பரா தெரியுது மாமா" என்றான் இர்ஃபான். பாவம், அவனுக்கு எல்லாம் தெரிந்தது. அவன் முகம் மட்டும்தான் அவனுக்குத் தெரியவில்லை.

நிக்காஹ் அப்படியே நடந்தது. ஷெர்வானி, பூமாலை, மூக்கில் இரும்புச் சட்டம். நான் பக்கத்துத் தூணோரமாக நின்று, அது சரிகிறபோதெல்லாம் ஓடிப்போய்த் திருகாணியை முடுக்கிவிட்டு வந்தேன். நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத், கையெழுத்துப் புத்தகத்தை நீட்டியபடியே நிமிர்ந்து பார்த்து, "புது மாடலா?" என்று கேட்டார். "ஆமா ஹஜ்ரத்" என்றான் மாப்பிள்ளை. போட்டோவுக்காவது கழற்றச் சொன்னார் போட்டோகிராஃபர். கழற்றினான், வாழைமரத்தைப் பார்த்து அழகாகச் சிரித்தான். "கேமரா இங்க கீது பாஸ்" என்றவர், அப்புறம் அவரே மாட்டிவிட்டார்.

மணப்பெண் நஸ்ரீனின் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் முன்னால் வந்து நின்றதும் அவள் அந்தச் சட்டத்தை மேலும் கீழும் பார்த்தாளாம்.

"கண் டெஸ்ட்டா? என்னை எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டப்போறீங்களா?" என்றாளாம். அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு வாரம் கழித்துப் புதுக் கண்ணாடி வாங்க ஜோடியாக வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நஸ்ரீன் கேட்டாள், "அக்கா, அந்த மேசைக் காலடியில பளபளன்னு என்ன கெடக்குது?"

லென்ஸ். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் தேடியது.

பாய் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு வெள்ளை பெட்ஷீட்டைக் கொண்டுவந்து தன் மேசைக்கடியில் விரித்துக்கொண்டார். அழுக்கானால் அவரே துவைத்துக்கொள்கிறார். இன்றுவரை நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறேன்.

நான் சட்டத்தின் திருகாணியை முடுக்கும்போது எடுத்த கல்யாணப் போட்டோவை இர்ஃபான் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் மகள் ஆயிஷாவுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் ஆவடியில் என் தம்பி கல்யாணம், அவர்களும் வந்திருந்தார்கள். முகூர்த்த நேரம். ஐயர் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தியிருந்தார். சபை அமைதியாக இருந்தது. ஆயிஷா என் புடவையை இழுத்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஆன்ட்டி, இந்த மாப்பிள்ளைக்கு நீங்க இன்னும் மாட்டிவிடலையா?"