சின்ன மாப்பிள்ளையின் மூன்று சொற்கள்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் மகள் நலம், பிள்ளைகள் நலம், உங்கள் சின்ன மாப்பிள்ளை தேவைக்கு மேல் நலம். மிச்சம் இருப்பது நான்தான். அதற்காகவே இந்தக் கடிதம்.

எங்கள் டைல்ஸ் ஆலைக்கு இத்தாலியிலிருந்து புதுச் சூளை வந்ததும், அதைப் பொருத்திக் கொடுக்க அங்கிருந்தே ஒரு மெக்கானிக் வந்ததும் உங்களுக்குத் தெரியும். பயிற்சிக்கு ஒருவரை அந்த நாட்டுக்கு அனுப்பப்போகிறோம், அவருக்கு இத்தாலியன் தெரிந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் அறிவித்த அன்றே நான் புத்தகம் வாங்கிவிட்டேன். கண்ணாடி, அலமாரி, தலையணை என்று வீடு முழுக்கச் சொற்களை எழுதி ஒட்டினேன். தன் முதுகிலும் ஒட்டிவிடுவேனோ என்று பயந்ததாக உங்கள் மகள் போனில் சொல்லியிருப்பாள், அது மிகை. நான் சிபாரிசு செய்து பேக்கிங் பிரிவில் சேர்த்துவிட்ட நம் சின்னவர் என்ன செய்தார்? அதே பயணத்துக்குத் தானும் பேர் கொடுத்துவிட்டு மூன்றே சொல் கற்றார். பேச்சைத் தொடங்க 'அல்லோரா'. வாங்க, உட்காருங்க, எடுத்துக்குங்க, பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் 'ப்ரேகோ'. மற்றபடி எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்கி 'போஹ்', அதாவது யாருக்குத் தெரியும். இதை வைத்துக்கொண்டு அந்த மெக்கானிக்கின் தோளில் கை போட்டுத் திரிகிறான், மாமா!

நானோ முறையாக, அவர்கள் மொழியின் 'நீங்கள்' போட்டே பேசினேன். "என்னை நீன்னே சொல்லுங்க" என்றார் மெக்கானிக். எப்படிச் சொல்வது? என்னைவிடப் பெரியவர், கடல் தாண்டி வந்த விருந்தாளி. எனவே முன்னைவிட அழுத்தமாக 'நீங்கள்' போட்டேன். 'நீ' சொல்லச் சொன்ன பிறகும் 'நீங்கள்' என்றால் அங்கே அது முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரியாம். மனுஷன் வாடிப்போய்ச் சின்னவனிடம், "அவருக்கு என்மேல என்ன கோபம்?" என்று கேட்டிருக்கிறார். என் தம்பி மாதிரி என்று நீங்கள் சொன்னவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? தோளைக் குலுக்கி, 'போஹ்'!

சமாதானமாகப் போகலாம் என்று மதியச் சாப்பாடு முடிந்ததும் நானே நுரை பொங்கப் பால் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பக்கத்திலிருந்த சின்னவன் முந்திக்கொண்டான்.

"என்ன சகலை, காலையில குடிக்கிறதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்குறீங்க? வயிறு கெட்டுப்போயிடும்னு அவங்க தொடவே மாட்டாங்க."

"எந்தப் பாடத்துல இருக்கு அது?"

"பாடமா? அவர்கிட்ட சைகையிலயே கேட்டேன், சைகையிலயே சொன்னாரு. ப்ரேகோ, இப்படிக் குடுங்க" என்று அந்தக் காபியையும் அவனே குடித்தான்.

வீட்டுக்கு வந்து ஆறுதல் தேடினால் உங்கள் மகள், "தங்கச்சி வீட்டுக்காரர் பேசினா பாட்டு மாதிரி இருக்குங்க. நீங்க பேசினா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்கிறாள். உங்கள் வீட்டில் அவனுக்குச் சாய்வு நாற்காலியும் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் போடுவதை நான் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. இந்தப் பயணமாவது எனக்குக் கிடைக்கட்டும். உங்கள் பேச்சை அவன் தட்டமாட்டான், ஒதுங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அத்தைக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவன் விசாரித்தானோ இல்லையோ, நான் விசாரித்தேன் என்பது நினைவிருக்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். பயணத்துக்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சின்னவன் இல்லாமல் இங்கே தன்னால் வேலை பார்க்க முடியாது என்று மெக்கானிக் அடம் பிடித்தாராம். அப்படியென்றால் நான் இல்லாமல் இங்கே எல்லாம் நடக்கும் என்றுதானே அர்த்தம்? மாமா, தயவுசெய்து உடனே அவனிடம் பேசி, இந்தப் பயணத்துக்கு அவனையே போகச் சொல்லுங்கள்.