ஐஸ்பெட்டிக்காரர் கம்ப்யூட்டர் சேர்த்த கதை

மூலக்குளத்தில் ஒருவருடைய வண்டி தெருவுக்குள் திரும்பினாலே, அவரவர் வீட்டுக் கிழவர் மூச்சு விடுகிறாரா என்று பெண்கள் உள்ளே ஓடிப் பார்ப்பார்கள் என்றால் அது எங்கள் ஐஸ்பெட்டியின் வண்டிதான். செத்தவர்களைப் படுக்கவைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுவது அவர் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் விசாரித்தால் தெரியலாம். எங்களுக்கு அவர் ஐஸ்பெட்டி.

யாரும் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்ததில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். மரியாதைக்கு அவர் யாரையாவது "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால், அந்த ஆள் மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேப் வாசலில் நிற்பார். பெண் பார்க்கப் போன ஒரே இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் பாதி காபியோடு டம்ளரை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவில்லை.

எனக்குப் பித்தப்பையில் கல் வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு ஆப்பிளோடு பார்க்க வந்தார். அன்பாகத்தான் வந்தார். ஆனால் கட்டில் அருகே நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அடுத்த கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க சார், பழக்கமாப் போச்சி. நீங்க அஞ்சடி ஆறு அங்குலம்" என்றார்.

நான் அதுவரை அஞ்சடி எட்டு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு உண்மை தெரிந்தது அன்றுதான்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. யார் வீட்டுக்குள்ளும் தானாக நுழைய மாட்டார்.

"சார், நீங்க கம்ப்யூட்டர் ஆளுதான?"

அலுவலகத்தில் பிரிண்டர் நின்றுபோனால் அதை அணைத்துப் போடுகிறவன் நான். என் மொத்தக் கம்ப்யூட்டர் ஞானமும் அவ்வளவே. "ஆமா" என்றேன்.

"கேம் ஆடற கம்ப்யூட்டர் ஒண்ணு சேக்கணும் சார். நாப்பதாயிரத்துக்குள்ள."

"உங்களுக்கா?"

"ஒரு சாவூட்ல பாத்தன். செத்தவரோட மருமவன் மூலையில ஒக்காந்து, காதுல மாட்டிக்கினு ஆடறான். எங்கியோ இருக்கறவனுங்க இவன வா வான்னு கூப்படறானுங்க. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்ததே இல்லியாம்." கொஞ்ச நேரம் கேட்டைத் தடவினார். "என்னையும் வரச்சொல்லிக் கூப்படுவாங்க சார். அழுதுகினே கூப்படுவாங்க. சும்மா வான்னு ஒருத்தரும் கூப்பட்டது இல்ல."

மறுநாளே டவுனில் ஒரு கடைக்குப் போனோம். பெரிய மனுஷன் தோரணையில் ஒரு மதர்போர்டை எடுத்து வைத்துவிட்டு, நான் அடுத்துக் கை வைத்தது ராம் மெமரியில். தள்ளுபடியில் கிடந்தது. கடைக்காரர் அதை மெல்ல என் கையிலிருந்து வாங்கினார். "சார், நீங்க எடுத்து வெச்சிருக்கற மதர்போர்டு பழைய ராமுக்கு. இது புது ராம். நடுவுல இருக்கற வெட்டே வேற எடத்துல இருக்குது பாருங்க, உள்ள எறங்காது."

"ஒரு பெட்டி மூடிய இன்னொரு பெட்டிக்குப் போட்டா மூடுமா சார்?" என்று ஐஸ்பெட்டி என்னைத் தேற்றினார்.

மானத்தைக் காப்பாற்ற, வண்ண வண்ணமாக விளக்கெரியும் கேபினட்டைக் காட்டினேன். "வேணாம் சார். நான் போற ஊட்ல எல்லாம் லைட்டாதான் கட்டி வெச்சிருக்கானுங்க" என்றார். கடைசியில் அவரே நேராகப் போய் நின்றது, எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் முன்னால். அங்கேதான் காசைக் குறைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

"இது பாரீஸ் கேசு தாங்குமா?" என்று கேட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். உள்ளூர் சாவு என்றால் பெட்டி ஒருநாள் ஓடினால் போதும். பிள்ளைகள் பிரான்சில் இருக்கிற வீடு என்றால் அவர்கள் லீவு வாங்கி, டிக்கெட் எடுத்து வந்து சேர நான்கு நாள் ஆகும். அதுவரை பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். ஐஸ்பெட்டியின் அகராதியில் தரத்தின் உச்சம் அதுதான்.

"சார், நீங்க கேம்தான ஆடப்போறீங்க?" என்றார் கடைக்காரர் பரிதாபமாக.

"எதுவா இருந்தாலும் பாதியில நிக்கக்கூடாது. மேலுக்கு மினுக்கறத கொறச்சிக்கலாம். கரண்ட் பெட்டியும் காத்து போற வழியும் கெட்டியா குடுங்க."

அதற்குப் போன காசை ஈடுகட்ட நான் ஒரு தந்திரம் செய்தேன். ஒரே மாதிரி இரண்டு பிராசஸர்கள். ஒன்று ஆயிரத்துச் சொச்சம் மலிவு. மலிவானதை எடுத்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டைப் பொங்கலுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தேன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எங்களுக்குத் தெரியும்" என்றேன். இந்த வார்த்தையால் மனித குலம் பட்ட பாட்டில் என் பங்கும் உண்டு.

அவர் வீட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பூட்டினோம். சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாக நின்றது. அணைத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைப் பத்து முறை செய்தேன். ஐஸ்பெட்டி கேபினட் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"உயிர் இருக்குது சார். மூஞ்சிதான் வரல."

கடைக்கு போன் போட்டோம். "அதத்தான் சொல்ல வந்தேன் சார். அந்தப் பிராசஸருக்குள்ள படம் காட்டற வசதி இல்ல. அதனாலதான் வெல கம்மி. தனியா கார்டு போட்டாத்தான் படம் வரும்."

மறுபடி கடைக்கு ஓடினோம். எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கடைக்காரர் ஒரு நீளமான கார்டை எடுத்து வைத்தார். ஐஸ்பெட்டி அதைத் தொடவே இல்லை. ஒரே பார்வைதான்.

"நம்ம பெட்டியில இது படுக்காது."

"படுக்கும் சார். எல்லாரும் போடறாங்க."

"அரை அங்குலம் இடிக்கும்."

கடைக்காரர் அதேமாதிரி கேபினட் ஒன்றைத் திறந்து கார்டை வைத்துப் பார்த்தார். சரியாக அரை அங்குலம் இடித்தது. உள்ளே போய் ஒற்றை விசிறி வைத்த குட்டைக் கார்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அன்று மாலை மூஞ்சி வந்தது. திரையில் ஒரு துப்பாக்கி வீரன் நின்றான். ஐஸ்பெட்டி அவனையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

கடைக்காரரே அவரை உள்ளூர் ஆட்டக்காரர்களின் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். நான்கு பேர் கூட்டணி. அதில் செல்வி என்ற பெண்ணின் குரலை ஹெட்போனுக்கு வெளியே, அறைக்கு வெளியே, தெருவிலும் கேட்கலாம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதுகிறவள்.

"அண்ணே, வேல இன்னா பண்ற?" என்று இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் முகம் வெளுத்தது.

"கூலிங் லைன்மா."

"ஏசி மெக்கானிக்கா?"

"அது... அந்த மாதிரி."

அன்றிலிருந்து அவர் கூலிங் அண்ணன். மூன்று மாதம் அந்தக் கூட்டணிக்கு அவர் இலவசமாக ஃப்ரிட்ஜ் வைத்தியம் சொன்னார். "கூலிங்கண்ணே, வாண்ணே! பின்னால வாண்ணே!" என்று செல்வி அலறும்போது, மனிதர் பல் தெரியச் சிரிப்பார். அவருக்கு அத்தனை பல் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை நான் அங்கே இருந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

"ஹலோ, பெட்டி வேணும்ங்க. தேங்காத்திட்டு" என்றது ஒரு குரல். எப்போதும் அலறும் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி வந்தது.

எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. பதற்றத்தில் சமையல்காரர் மாதிரி கேட்டுவைத்தேன்: "எத்தினி பேருக்கு?"

"அப்பாவுக்கு மட்டும்தான்" என்றாள் செல்வி.

அந்தப் பாவத்துக்கு நான் எந்தக் கோவிலில் போய் விழுவது?

"வேற யாரையாவது அனுப்பலாமே?" என்றேன் ஐஸ்பெட்டியிடம்.

"மத்தவனுங்க பெட்டி கரண்ட் கொறஞ்சா நின்னுடும் சார். அந்தப் பொண்ணோட அப்பா சார். நான்தான் போவணும். நீங்களும் வாங்க. நான் வாய தொறந்தா அது கொரல கண்டுபுடிச்சிடும், எனக்குப் பதிலா நீங்க பேசுங்க."

அப்படி ஒரு சாவு வீட்டுக்கு நான் வாயாகப் போனேன். அவர் ஜாடை காட்டுவார், நான் பேசுவேன். அவர் கையைச் சாய்த்துக் காட்டினார். பெட்டி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். நான் அங்கிருந்தவர்களிடம் "கொஞ்சம் படுத்துக்குங்க" என்றேன். "அவருக்குப் பேச்சு வராதா?" என்று ஒருவர் கேட்டார். "தொண்டை கட்டியிருக்கு" என்றேன். செல்வி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அழவில்லை. கண்ணாடி மூடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தபடியே இருந்தாள்.

உச்சி வெயில் நேரம். குளிக்கத் தண்ணீர் வேண்டுமென்று யாரோ மோட்டாரைப் போட்டார்கள். விளக்குகள் மங்கின. பெட்டி ஒருமுறை முனகி நின்றுவிட்டது. ஸ்டெபிலைசரையும் மீறி நின்றது. ஐஸ்பெட்டி என்னைப் பார்த்து என்னென்னவோ ஜாடை காட்டினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

"மோட்டார நிறுத்துங்கடா! எவன்டா போட்டது? அந்த ரெண்டு ஃபேனையும் புடுங்கு! புடுங்குன்றன்ல!"

தொண்டை கட்டியவரின் சத்தம்தான் அது. மோட்டார் நின்றது. விளக்கு பிரகாசமானது. கொஞ்ச நேரத்தில் பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. செல்வி தலையைத் தூக்கினாள்.

"கூலிங்கண்ணே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து வந்து, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான் என்று உறவுக்காரப் பெண்கள் சொன்னார்கள். ஐஸ்பெட்டிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எந்தச் சாவு வீட்டிலும் யாரும் அவரைத் தொட்டதில்லை.

அதன்பின் அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் தப்பா நெனைக்கலியே" என்றேன்.

"இனிமே என் கொரல கேட்டா அதுக்கு அப்பா சாவுதான சார் ஞாபகம் வரும்? வெளாட வந்த எடத்துலயுமா?"

மறுபடியும் அணைத்துப் போட முடிகிற விஷயமல்ல இது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் இருக்கும். நானும் அவரும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. செல்விதான், ஃப்ரீசர் பெட்டியில் எழுதியிருந்த விலாசத்தைப் பிடித்து வந்துவிட்டாள். கையில் ஒரு பை வஞ்சிரம். யாரையும் கேட்காமல் நேராக உள்ளே வந்தாள்.

"இன்னாண்ணே, ரெண்டு நாளா உன்ன கூப்படறோம். ஆளையே காணோம். நீ இல்லாம தெனம் தோக்கறோம்."

"இல்லம்மா... என் கொரலு கேட்டா ஒனக்கு அப்பா ஞாபகம்..."

"வரும்தான். வந்துட்டுப் போவுது. எங்கப்பா எனக்கு ஞாபகம் வரக்கூடாதா?" பையை அவர் மடியில் வைத்தாள். "கொழம்பு வெச்சிக்க. நம்ம கேம் பசங்க ரெண்டு பேரும் ஒக்காந்துகினு இருக்கானுங்க. நான் ஊட்டுக்குப் போவ அரைமணி ஆவும். அதுக்குள்ள இத ஆன் பண்ணி வையி." போகிற போக்கில் வேட்டியை உருவி நாற்காலியில் எறிந்துவிட்டுப் போனாள்.

அரைமணியில் ஆட்டம் தொடங்கியது. "வாண்ணே!" என்ற அலறல் தெருவரை கேட்டது. ஆட்டத்தில் இறங்கிய ஒரு நிமிடத்துக்குள் ஐஸ்பெட்டி சுட்டுக் கொல்லப்பட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததில், சுட்டது யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் பார்க்கவில்லை. என் கண்ணாடியும் என் கையில்தான் இருந்தது.