கரகரப்பு அண்ணையும் மூன்று பெடலும்

குடாநாட்டிலே சத்தத்தோடு தொழில் செய்கிற எல்லோரும் கரகரப்பைப் போக்கத்தான் பாடுபடுகிறோம். அதைப் பிடித்து வைத்திருக்கப் பாடுபட்டவர் கீரிமலை தொடக்கம் கொடிகாமம் வரைக்கும் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தபாற்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் கரகரப்பு அண்ணை.

தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துவது அவருடைய தொழில். மருதனார்மடம் சந்திக்குக் கிட்டக் கடை. மெசினைக் கழற்றவே மாட்டார். தலையைச் சரித்துச் சத்தத்தைக் கேட்பார். வால்வு என்றாரானால் வால்வுதான். கோயில் திருவிழாக்களில் ஓர் இசைக்குழுவோடு கிற்றார் வாசிப்பார். அந்தக் குழுவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் நான். எனக்கு நாலு பேர் முன்னால் கதைக்க வராது. மைக் சரிபார்க்கும்போது மற்றவர்கள் "ஹலோ, ஹலோ" என்பார்கள். நான் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேடையால் இறங்கிவிடுவேன்.

ஓவர்டிரைவ் பெடல் என்பது இரண்டு சவர்க்காரக் கட்டியை அடுக்கிய அளவில் ஓர் இரும்புப் பெட்டி. கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதைக் கொழுவிக் காலால் மிதித்தால், தெளிவாக இருந்த சத்தம் தொண்டை கட்டியது போலக் கரகரக்கும். நல்ல பெடலென்றால் மனிதக் குரல் விம்முவது போல இருக்கும். அண்ணையிடம் முதலில் இருந்தது நல்ல பெடல் இல்லை.

போன வருடத் திருவிழாவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை மிதித்தார். அன்றைய செலவை ஏற்றிருந்த உபயகாரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் ஓடி வந்தார்.

"தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு. நிப்பாட்டு, நிப்பாட்டு."

அது பழுதில்லை என்று விளங்கப்படுத்த நாலு வசனமாவது வேண்டும். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கிற்றாரின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டேன். அண்ணை கண்ணைத் திறக்காமலே, தலையை ஆட்டி ஆட்டி, சத்தமே இல்லாமல் கடைசி வரைக்கும் வாசித்தார். பிறகு சனத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சனமும் பண்பாகக் கும்பிட்டது.

குழுவின் தலைவர் கீபோட் வாசிப்பவர். அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"அண்ணை, வாற வருசமும் உப்பிடி நடந்தால், கிற்றாரையும் நான் கீபோட்டிலையே வாசிச்சுப் போடுவன். நீங்கள் முன்னுக்கு இருந்து ஆறுதலாக் கேளுங்கோ."

அண்ணை கிற்றாரை உறையில் போட்டார். சத்தத்தைக் குறைத்தது யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வருடத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவருடைய மச்சான் கனடாவில் இருந்து பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று பெடல் கொண்டு வந்தார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் அவரோடு திரும்பிப் போக வேண்டும். அண்ணை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, எது நல்ல பெடல் எண்டது கேள்வி இல்லை. எதைக் கேட்டால் சனம் பழுது எண்டு நினையாது? அதைத்தான் கண்டுபிடிக்க வேணும். நீ ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வா. நீ கதைக்க மாட்டாய். பரிசோதனைக்கு அப்பிடி ஆள்தான் தேவை."

பச்சையை அவருடைய கடையிலேயே சோதித்தோம். அண்ணை சாக்குத் திரைக்குப் பின்னால் மறைந்திருந்து வாசித்தார். வாங்குப் பலகையிலே உட்கார்ந்து, தன்னுடைய மெசினுக்காகக் காத்திருந்த இணுவில் தோட்டக்காரர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார்.

"என்ரை மெசினே உது? கொண்டு வரேக்கை உவ்வளவு மோசமில்லையே." மெசினைத் தூக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அண்ணை கொப்பியில் எழுதினார்: பச்சை, பழுது.

மஞ்சளைச் சந்தைக்குக் கொண்டு போனோம். வாழைக்குலைகளுக்கு நடுவில் ஒளிந்திருந்து ஓர் இழுப்பு இழுத்தார். கத்தரிக்காய் விற்கிற அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

"ஆரோ மில்லைப் போட்டிட்டாங்கள்."

பக்கத்தில் இருந்த ஆச்சி மிளகாய்ப் பையோடு குலைகளை விலக்கிப் பார்த்தார். "எங்கை மோனை மில்? எனக்கும் ரெண்டு கிலோ தூள் இடிக்கக் கிடக்கு."

நீலத்தைக் கீரிமலைக் கடற்கரையில் வைத்து வாசித்தார். கேணியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த பெரியவர் ஒருவர் குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"உப்புக் காத்து, தம்பி. உள்ளுக்குத் துருப்பிடிச்சிட்டுது."

"இல்லை ஐயா, இது கிற்றார். நான்தான் இப்பிடி வாசிக்கிறன்."

"கிற்றாரோ? அப்ப திருப்பி வாசியும் பாப்பம்."

அண்ணை திருப்பி வாசித்தார். பெரியவர் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நல்லாத்தான் கிடக்கு. முதலே சொல்லியிருக்கலாமே."

அண்ணை எழுதினார்: நீலம், முதலில் பழுது, பிறகு நல்லம். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அதில் ஏதோ இருப்பது போலத் தோன்றியது. ஆனால் பரிசோதனைக்குக் கதைக்காத ஆள்தான் தேவை என்று அவரே சொல்லியிருந்தாரே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்டினார். சத்தத்தை மாற்றுகிற திருகியை எந்த இடத்தில் வைத்தால் நல்ல சத்தம் வந்ததோ, அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். "என்ரை நகத்துக்கு வாங்கின பூச்சு முழுக்க உந்தப் பெட்டியளுக்குத்தான்," என்றார் அக்கா, அவருடைய மனைவி. திருவிழா நாள் விடிந்தபோது மூன்று பெடலும் அம்மை போட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தன. எது என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

மேடை கோயில் வீதியில். அங்கே செருப்புப் போட ஏலாது. பத்து நாளும் அவர் செருப்புக் காலோடுதான் மிதித்துப் பார்த்திருந்தார். மேடையின் ஓரத்தில் மத்தியானம் தொடக்கம் வெயிலில் கிடந்த பச்சை, வெறுங்காலைச் சுட்டது. மஞ்சளின் பொத்தான் நெருஞ்சி முள் போலக் குத்தியது. நீலத்தின் பொத்தான் மட்டும் அகலமாக, மழமழவென்று இருந்தது. காது பத்து நாளாய்த் தீர்க்காத வழக்கை உள்ளங்கால் ஒரு நிமிடத்தில் தீர்த்தது.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கச்சேரி தொடங்கியது. நாலாவது பாட்டின் நடுவில் அண்ணை கண்ணை மூடினார், நீலத்தை மிதித்தார். சனம் எல்லாம் ஒரே நேரத்தில் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தது. உபயகாரர் கதிரையால் எழும்பிக் கையை ஆட்டியபடி என்னிடம் வந்தார். மேடையில் தலைவரின் விரல் கீபோட்டின் கிற்றார்ப் பொத்தானுக்குப் போய்விட்டது. என் விரலும் போன வருடம் குறைத்த அதே இடத்தில் இருந்தது.

முதலே சொல்லியிருக்கலாமே என்று கீரிமலைப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் கிடந்த மைக்கை எடுத்தேன்.

"பழுதில்லை," என்றேன். எட்டு ஸ்பீக்கரிலும் என்னுடைய குரல் வந்தது. முதலில் பயந்தவன் நான்தான். "ஸ்பீக்கர் பழுதில்லை. அது கிற்றார். எங்கடை கரகரப்பு அண்ணை வாசிக்கிறார். வேணுமெண்டுதான் அப்பிடி வாசிக்கிறார். போன வருசம் நான்தான் சத்தத்தைக் குறைச்சனான். இந்த முறை குறைக்க மாட்டன்."

உபயகாரர் நின்ற இடத்திலேயே நின்றார். அண்ணாந்திருந்த தலைகள் மெல்ல இறங்கி மேடைக்குத் திரும்பின. அண்ணை ஒருமுறை கண்ணைத் திறந்தார், மறுபடி மூடினார், கடைசி வரைக்கும் வாசித்தார். கைதட்டல் அடங்கும்போது கீபோட்காரரின் விரல் பொத்தானை விட்டு விலகியிருந்தது. உபயகாரர் என் காதுக்குள் குனிந்தார்.

"பழுதில்லை எண்டால் இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு."

கச்சேரி முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டு நின்றபோது, அண்ணை நீலப் பெடலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"போன வருசம் குறைச்சது நீதான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார்.

"பிறகேன் அண்ணை கேக்கேல்லை?"

"கேட்டால் நீ மறுமொழி சொல்ல வேணுமே. உனக்குக் கஷ்டமெல்லோ." கொஞ்சத் தூரம் போனவர், தலையைச் சரித்தபடி திரும்பி வந்தார். "ஒண்டு சொல்லோணும். உன்ரை குரலிலை நல்ல கரகரப்பு இருக்கு, தம்பி. பெடலே தேவையில்லை."

இப்போது நான் மைக்கை விரலால் தட்டுவதில்லை. "ஹலோ" என்கிறேன். அண்ணை மேடையில் இருந்தால் மட்டும், தேவையில்லாமல் இரண்டாம் தரமும் சொல்கிறேன்.