காது எண்ணெயில் முடிந்த சம்பந்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டு. பனி விலகியதும் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைத் தொப்பி. அதன் கீழே, நாங்கள் 'கப்பல்' என்று பட்டப்பெயரிட்டு அழைத்த மனிதர், வாசலில் கரியடுப்பை விசிறிக் கத்தரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தார்.

மலேசியாவின் கேமரன் மலையில் கடலைப் பார்க்காதவர்கள் ஏராளம். ஒரு கடற்கரையையே சட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். இளவயதில் சரக்குக் கப்பலில் சமையல் ஆளாக இத்தாலி, கிரேக்கம் என்று சுற்றியவர். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அவர் தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆசாரி. மிஞ்சிய பலகைகளில் எல்லாம் துறைமுகங்களை வரைந்து வீட்டுச் சுவரை நிரப்பியிருந்தார். அவர் வீட்டில் தட்டில் கை வைக்கும் முன் அவர் கட்டிய கவிதை ஒன்றைக் கேட்டாக வேண்டும். பசியோடு போனவர்கள் எல்லோரும் கவிதை ரசிகர்களாகத்தான் திரும்பினோம்.

சிக்கல் எண்ணெயில். ஒலிவ எண்ணெய் அப்போது தானா ராத்தா டவுன் மருந்துக்கடையில், காதுக்கு ஊற்றும் சின்னப் புட்டியில்தான் கிடைக்கும். 'மருந்தில் சமைக்கிற வீடு' என்று பேச்சு பரவி, மகள் செல்விக்கு வந்த இரண்டு வரன்கள் கலைந்துவிட்டன. இன்று மூன்றாவது. செல்விக்குப் பையனைப் பிடித்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் அந்தக் காது எண்ணெய விடுங்கலா!" என்றார் மனைவி.

"கிரேக்கத்துல ஊரே இதத்தான் ஊத்திச் சாப்பிடுது. ஒருத்தனுக்காவது காது வலிச்சுப் பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? ரிங்லெட்டத் தாண்டி என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"அவங்கதான் கை நனைக்க மாட்டாங்களேப்பா, யாருக்கு இவ்ளோ?" என்றாள் செல்வி. சம்மதம் சொல்லும் முன் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"சம்மதம்னா அவங்க சாப்பிடட்டும். இல்லாட்டி நாம சாப்பிடுவோம்."

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் தக்காளி பயிரிடுகிறவர். தேநீரைக் குடித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார். செல்வி தலை குனிந்தாள்.

கப்பல் சட்டியின் மூடியைத் திறந்தார்.

"வெயிலைப் பிழிந்தால் எண்ணெய்,
கடலைக் காய்ச்சினால் உப்பு,
இரண்டும் சந்தித்தால் விருந்து!"

கவிதை புரிந்ததோ இல்லையோ, வாசனை புரிந்தது. வாசல்வரை போன மாப்பிள்ளையின் அப்பா சுவரில் இருந்த துறைமுகச் சந்தைப் படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இது தக்காளியா? இவ்ளோ செவப்பா?"

"அங்க செடியிலேயே பழுக்க விடுவாங்க. நாம காயாப் பறிச்சு லோரில ஏத்துறோம்."

"பழுத்தா எவன்யா வாங்குவான்?"

"நான்தான் வாங்கினேன். உங்க ஊரு சந்தையில, தள்ளி வச்ச கூடையில. பாருங்க."

கப்பல் ரொட்டித் துண்டைச் சட்டியிலிருந்த தக்காளிக் குழம்பில் தோய்த்து நீட்டினார். படத்திலிருந்து கண்ணெடுக்காமல் அவர் வாங்கி மென்றார். விரலையும் சப்பினார்.

"என்னாங்க!" மாப்பிள்ளையின் அம்மா அலறினார். "கை நனைச்சிட்டீங்க!"

அவர் விரலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். மறுபடி உட்கார்ந்து, தட்டை எடுத்து நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க, சம்பந்தி."

அதன் பிறகு கோலா தெர்லாவில் அவர் தோட்டத்து முதல் வரிசைத் தக்காளி லோரி ஏறியதில்லை. செடியிலேயே பழுத்து, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தது.