மூன்றாம் ஜன்னலில் வைத்த கல்

ஒரு காட்டில் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. காடு என்றால் இப்போது நகரத்தின் நட்டநடு. காடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஊர்தான் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டது.

முன்பு அங்கே சிங்கங்களின் கல்லூரி மட்டும்தான். வாசலிலேயே, “நீ எந்தக் கூட்டம்?” என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் கதவு மூடும். பசி நேரமென்றால் வாய் திறக்கும். பொறுக்கமாட்டாமல் எருமைகளும் நரிகளும் மான்களும் ஊர்வலம் போயின, உதைபட்டன, கடைசியில் ஒரு பழைய குதிரை லாயத்தில் தங்களுக்கென்று பல்கலைக்கழகம் திறந்தன. நுழைவாயிலில் ஒரே ஒரு விதி செதுக்கின: ‘வந்தவர் யாரென்று கேட்காதே.’

நல்ல விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுபது வருஷத்தில் அது நுழைவாயிலை விட்டுக் கிளம்பி, சான்றிதழ் கொடுக்கும் மூன்றாம் ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டது.

சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி. அவன் வளையில் முதல் பட்டதாரி. பகலில் கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கி, மாலைக் கல்லூரியில் படித்து, கணக்குப் பேப்பரை ஐந்தாம் தடவையில் தாண்டியவன். பக்கத்துத் தோப்புப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. அசல் பட்டச் சான்றிதழை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் காட்டவேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து நின்றான். பதினொரு மணிக்கு ஜன்னல் திறந்தது. பன்னிரண்டுக்கு மூடியது. பசி கண்ணை இருட்டியது.

பின்னால் நின்ற கீரி சொன்னாள்: “அண்ணே, இடத்துக்கு ஒரு கல்லை வச்சுட்டுப் போய்ச் சாப்பிட்டு வாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான். நான் தள்ளிக்கிட்டே வர்றேன்.”

உருண்டைக் கருங்கல் ஒன்றை, விண்ணப்பம் பறக்காமல் அதன்மேல் வைத்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினான். அங்கேயும் வரிசை. சாப்பிட்டு முடிக்க மணி நாலு தாண்டிவிட்டது.

திரும்பி வந்தபோது ஜன்னல் மறுபடி திறந்திருந்தது. திட்டில் கல் இருந்தது. கல்லின்மேல் பட்டச் சான்றிதழ் இருந்தது.

“உங்க முறை வந்துடுச்சுண்ணே. இடம் போயிடக் கூடாதேன்னு தூக்கி வச்சேன். கரடியார் கல்லுக்கே கொடுத்துட்டாரு,” என்றாள் கீரி.

சிலுப்பன் கையை நீட்டினான்.

“தொடாதே!” குமாஸ்தா கரடி உள்ளேயிருந்து உறுமினார். “அது இவரோடது.”

“ஐயா, அது கல்லு!”

“இருக்கட்டும். யாருன்னு கேக்கறது இங்க வழக்கமில்லை. போட்டோவைத்தான் பாப்போம். நீயே பாரு.”

முதலாண்டில் கொடுத்த போட்டோ. எட்டு வருஷம் பதிவறை ஈரத்தில் ஊறி, கறுப்பாக ஓர் உருண்டை மட்டும் மிச்சம். அதைச் சான்றிதழில் ஒட்டி முத்திரையும் குத்தியாகிவிட்டது.

“இதுல முள்ளு எங்கய்யா இருக்கு?” என்றார் கரடி.

“வேற ஒண்ணு கொடுங்க சாமி. அஞ்சு மணிக்கு வேலை போயிடும்.”

“ஆளுக்கு ஒண்ணுதான். தொலைஞ்சுபோச்சுன்னா நகல் தரலாம். அவரே வந்து எழுதிக் கொடுக்கணும்.”

மணி நாலரை. கல்லையும் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பள்ளியின் தலைமையாசிரியை ஒரு கொக்கு. போட்டோவைப் பார்த்தார், சிலுப்பனைப் பார்த்தார். “இது நீ இல்லையே.” பிறகு அவன் கக்கத்திலிருந்த கல்லைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

“வாங்க சார். உட்காருங்க.”

கல் உட்கார்ந்தது.

“சாருக்குத் தொண்டை கட்டியிருக்குபோல,” என்றார் கொக்கு சிலுப்பனிடம். “சரியாகிற வரைக்கும் நீ பாடம் நடத்து. தற்காலிகம்தான்.”

இருபது வருஷம் தற்காலிகமாகவே நடத்தினான். கல் ஒரு நாள் லீவு போடவில்லை. மேலிடத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. படிப்படியாக உயர்ந்து, அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தது. இவ்வளவு நல்லவர் இதற்கு முன் வந்ததில்லை என்றார்கள். பொய்யில்லை.

அந்த வருஷம் சிலுப்பனின் மகள் அங்கே சேர வந்தாள்.

“என்ன ஆனாலும் வரிசையை விட்டுப் போகாதே தாயி. பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை,” என்றான்.

“நான் ஏம்ப்பா நிக்கணும்? நல்லதா ஒரு கல்லைப் பொறுக்கி, அதுக்கே அட்மிஷன் போட்டுட்டேன். நான் படிக்கிறேன். அது பாஸாகட்டும்.”

நீதி: படிப்பு எல்லோருக்கும் பொது, பட்டத்துக்கு மட்டும் நல்ல கல்லாகப் பார்த்து வை.