பெட்டி முன்னால் படைத்த ஓட்டு

சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னால் கண் போகும் என்பார்கள். எனக்குக் கண் போகவில்லை, தூக்கம்தான் போனது. கூடவே அப்பா உழுத நிலமும் போகப் பார்த்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷத் தேர்தல். சானமாவுக் காட்டை ஒட்டி, மூன்று மொழி புழங்கும் எங்கள் ஊரில் பண்ணையாரே வேட்பாளர், சின்னம் குடம். அவருடைய இரண்டு ஏக்கரில்தான் அப்பா ராகி போட்டுக்கொண்டிருந்தார். ஊர் ஓட்டைச் சேர்க்கும் வேலையை என் தலையில் கட்டி, அது கை நழுவினால் நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று பண்ணையார் என்னிடம் சொல்லியிருந்தார். (எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாய்க்கு மட்டும் நாற்பது.)

பயத்தில் புத்தி தாறுமாறாக ஓடியது. அது குடமல்ல, மாரியம்மன் கரகம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஆத்தாளே பெட்டியில் வந்து உட்காருவாள், மாற்றிப் போட்டால் வீட்டில் அம்மை வார்க்கும் என்று தமிழில் சொல்லி, தெலுங்கில் விளக்கி, கன்னடத்தில் மிரட்டினேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி இருக்கும். வேண்டிய சின்னம் ஒட்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும்.

ஓட்டுப்பதிவன்று நடுப்பகலில் மறைப்புக்குள்ளிருந்து சூடப்புகை வந்தது. அதிகாரி பதறி ஓடினார், பண்ணையாரின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த நானும் ஓடினேன். குடப் பெட்டிக்கு மஞ்சள், குங்குமம், சாமந்திப்பூ. முன்னால் தரையில் குவியலாக ஓட்டுச் சீட்டு. பெட்டிக்குள் விழாதது ஒன்றும் செல்லாது என்றார் அதிகாரி. சூடம் ஏற்றிய முனியம்மா எங்களோடு களை எடுக்க வருபவள். ஏன் உள்ளே போடவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"சாமி வாயில காயிதத்தத் திணிக்கறதா? முன்னாலயே ஒரு சீட்டு கீழ இருந்துச்சாம், அதப் பாத்துத்தான் எல்லாரும் வெச்சாங்க."

காலையில் முதல் ஆளாக ஓட்டுப் போட்டவன் நான்தான்.

பண்ணையார் தோற்றார். கூப்பிட்டு ஆள் அனுப்பியதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். போய் நின்றேன்.

"நீயாவது உள்ள போட்டியா?" என்றார்.

"இல்லீங்க எஜமான். பயமா இருந்துச்சு. கும்பிட்டுக் கீழ வெச்சுட்டு வந்துட்டேன்."

கரகம் என்று சொன்ன பொய்க்காக ஓர் ஏக்கரை எடுத்துக்கொள்வதாகவும், இப்போது சொன்ன நிஜத்துக்காக ஓர் ஏக்கரை எங்களுக்கே விடுவதாகவும் சொன்னார். அந்த ஓர் ஏக்கரில்தான் நாங்கள் பிழைத்தோம்.

இன்றைக்கும் நான் ஓட்டுப் போடக் கிளம்பினால் என் மனைவி வாசல்வரை வந்து, பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வாள்: "கும்பிடறத வூட்லயே கும்பிட்டுட்டுப் போயிருங்க."