ஏழுமலைக்கு வயது என்ன?

சிலருக்குப் பிறவியிலேயே நல்ல குரல் அமையும். சிலருக்கு நல்ல கையெழுத்து. எனக்கு அமைந்தது சந்தேகம். பால்காரர் தாமாகவே "தண்ணி கலக்கலைம்மா" என்று சொன்னால், கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறார் என்று யோசிப்பேன். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், எதற்காகக் கொடுத்தனுப்பினார்கள் என்று ஆராய்ந்த பிறகுதான் வாயில் போடுவேன். (போடாமல் விட்டதில்லை.)

இந்தக் குணத்தால் ஊருக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வந்ததில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர. அந்த ஒரு முறையில், என் சொந்தத் தம்பியின் பள்ளி ஒரு கோப்பையை இழந்தது. அதுவும் பந்தைத் தொடாமலே.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. தினமும் தாம்பரத்தில் ரயிலேறி, கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக வேலை பார்த்துவந்தேன். தம்பி டேனி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். ஆள் குள்ளம், ஒல்லி. எட்டாம் வகுப்புப் பையன்களோடு நிறுத்தினால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பந்து கைக்கு வந்தால் எதிரணிக்காரர்களின் அக்குளுக்குக் கீழே புகுந்து போய் கூடையில் போட்டுவிட்டு வருவான். பள்ளிக் கூடைப்பந்து அணியின் உயிரே அவன்தான் என்று பி.டி. மாஸ்டர் தனராஜ் சார் சொல்வார்.

நான் வாழ்நாளில் ஒரு பந்தையும் தொட்டதில்லை. அதனாலேயே விளையாட்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஜூனில் அணித் தேர்வு, ஆகஸ்டில் மண்டலப் போட்டி, பூஜா விடுமுறையில் நட்பு ஆட்டங்கள், நவம்பரில் மழை (மைதானத்தில் தவளைகள் பயிற்சி எடுக்கும்), ஜனவரியில் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான பெரிய போட்டி என்று வருடம் முழுவதும் அந்த அணியின் பின்னாலேயே அலைந்தேன். இதற்கென்றே ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தேன். தேதி, எதிரணி, யார் எத்தனை கூடை, எல்லாம் கட்டம் போட்டு எழுதுவேன். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதுதான் எல்லாவற்றையும்விட அகலம். 'நடுவருக்கு எதிரணிக் கோச் டீ வாங்கிக் கொடுத்தார்.' 'எதிரணி போடும் வளையம் சற்றுத் தாழ்வாகத் தெரிகிறது.' (இடைவேளைக்குப் பின் இரு அணிகளும் பக்கம் மாறின. அப்போது மறுபக்கத்து வளையத்தைப் பற்றியும் இதையே எழுதியிருக்கிறேன்.)

ஆகஸ்ட் மாத மண்டலப் போட்டியில்தான் ஏழுமலையை முதன்முதலாகப் பார்த்தேன். பல்லாவரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆட்டக்காரன். ஆறடிக்கு மேல் உயரம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மேலுதட்டில் மீசை. அரும்பு மீசை என்றால் நானும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது இரண்டு பக்கமும் சீப்பால் வாரிவிடக்கூடிய மீசை! எங்கள் பையன்கள் அவன் பக்கத்தில் நின்றபோது, வாத்தியார் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துவந்ததுபோல் இருந்தது. அன்று பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

"சார், அந்த ஆளுக்குப் பதினேழு வயசுக்குள்ளன்னு நீங்க நம்புறீங்களா?" என்று தனராஜ் சாரிடம் கேட்டேன்.

"வளர்ற பையன்மா. நல்லா சாப்பிடுறான் போலிருக்கு."

"சாப்பிட்டா மீசை வளருமா சார்?"

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். அதையும் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஏழுமலைக்கென்று நோட்டில் தனிப் பக்கமே ஒதுக்கினேன். செப்டம்பரில் அவன் தாடையில் சவரக் கீறல். அக்டோபரில் ஒரு நாள் ரயிலில் பார்த்தேன், ஆங்கிலப் பேப்பரில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். எந்தப் பள்ளிக்கூடப் பையன் அதைப் படிப்பான்? பூஜா விடுமுறை ஆட்டத்தில்தான் பெரிய ஆதாரம் கிடைத்தது. ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று மைதானத்துக்குள் தத்தித் தத்தி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, "ப்பா!" என்றது. அவனும் சர்வ சாதாரணமாக அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். பழகிய இடுப்பு அது.

வீட்டுக்கு வந்து டேனியிடம் சொன்னேன். "அவனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சுடா. குழந்தை இருக்கு."

"அக்கா, அவன் டென்த் படிக்கிறான். நல்ல பையன். நீ சும்மா இரு."

நல்ல பையன் என்றதும் என் சந்தேகம் இரட்டிப்பானது.

நவம்பரில் மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்துகொண்டிருந்தேன். பல்லாவரம் ஸ்டேஷனில் ஏழுமலை நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கையில் பால்பவுடர் டப்பா. யோசிக்கவே இல்லை, இறங்கிவிட்டேன். திருநீர்மலைச் சாலையில் அவன் முன்னால் போக, நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போனேன். (மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எதிரில் வந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.) ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்குள் அவன் நுழைந்தான். நான் மதில் ஓரமாக நின்று, எம்பி எட்டிப் பார்த்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி டப்பாவை வாங்கிக்கொண்டே, "எம்மா நேரம்? கொழந்த அழுதுகினே கீது" என்று அவனை அதட்டினாள். மனைவியேதான்! நான் மூன்றாவது முறையாக எம்பியபோது அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, யாரு நீ? மதிலாண்ட இன்னா எட்டி எட்டிப் பாத்துகினு கீற?"

வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"கொசு... கொசு மருந்து ஆபீஸ்லேர்ந்து வர்றேன். தண்ணித் தொட்டி செக் பண்ணணும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா, வா! ராத்திரியில படுக்க முடியல. ஆறு மாசமா எழுதிப் போட்டுகினே கீறோம், இப்பத்தான் ஆள அனுப்புறாங்க. டேய் ஏழுமல, ஏணிய எடுத்தா!"

தொட்டி குளியலறையின் மேலே இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஏற, என் சந்தேகத்தின் நாயகன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். "பாத்துக்கா, ரெண்டாவது கட்டை ஆடும்" என்றான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ம்ம்... புழு இருக்கு" என்றேன். உண்மையிலேயே இருந்தது.

இறங்கும்போது, கிடைத்த வாய்ப்பை விடக் கூடாது என்று, "வீட்டுல ஆம்பளைங்க யாரும்மா?" என்று கேட்டேன்.

"இவன் ஒருத்தன்தான்மா" என்று ஏழுமலையைக் காட்டினாள்.

போதாதா? கையில் குழந்தை, வீட்டில் ஒரே ஆண். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் மருந்தடிக்க ஆள் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, வெற்றியோடு கிளம்பினேன்.

ஜனவரிப் போட்டியில் எங்கள் பள்ளி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரில் ஏழுமலையின் பள்ளி. ஆட்டத்துக்கு முதல் நாள் ஆபீஸில் மதிய உணவை விட்டுவிட்டு ஒரு மொட்டைப் பெட்டிஷன் டைப் செய்தேன். மீசை, சவரம், வேலைவாய்ப்புப் பக்கம், மனைவி, குழந்தை எல்லாம் வரிசையாக எழுதினேன். பொறாமையில் எழுதியதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, 'பாரபட்சமின்றி இரு அணி வீரர்களின் வயதுச் சான்றுகளையும் சரிபார்க்க வேண்டுகிறேன்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது. அன்று மாலையே அதைப் போட்டிச் செயலாளரின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை மைதானம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் போட்டிச் செயலாளர் கடிதத்தோடு நடுவில் வந்து நின்றார். முழுவதையும் மைக்கில் படித்தார். மனைவி என்ற இடத்தில் கூட்டம் 'ஓ' என்று கத்தியது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான், அவ்வளவு உயரமான உடம்புக்குள் இருந்த முகம் எவ்வளவு சின்னது என்று பார்த்தேன்.

"எழுதினவங்க பேர் போடல" என்றார் செயலாளர். "கீழ ஓரத்துல டி.எம்.னு மட்டும் இருக்கு."

டைப்பிஸ்டுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கடிதத்தை அடித்தாலும் கீழே இடது ஓரத்தில் நம் இனிஷியலைத் தட்டிவிடுவோம். விரல் தானாகச் செய்யும். டி என்பது அப்பா தேவராஜ். எம் என்பது மெர்சி. மைதானத்தின் நடுவிலிருந்து டேனி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

எதிரணிக் கோச் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார். ஏழுமலைக்குப் பதினைந்தரை வயது. கூட்டத்திலிருந்து குழந்தையோடு ஒரு பெண் எழுந்து வந்தாள். "பொண்டாட்டியா? யார்யா எழுதினது? நான் இவன் அக்கா! எங்க வூட்டுக்காரரு மிலிட்டிரில கீறாரு, சீக்கிரமே வுட்டுட்டு வரப்போறாரு. அவருக்கு வேல தேடித் தரேன்னுதான் புள்ள பேப்பர் படிக்குது..." பேசிக்கொண்டே வந்தவள் என்னைக் கண்டதும் நின்றாள். "அட, கொசு மருந்து அம்மா! எப்பம்மா மருந்தடிப்பீங்க?"

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் செயலாளர், "சரி, பாரபட்சமில்லாம அடுத்த அணி" என்றார்.

எங்கள் பள்ளி ரிஜிஸ்டரை பியூன் சைக்கிளில் போய் எடுத்துவந்தார். தனராஜ் சார் ஒவ்வொரு பெயராகப் படித்தார். டேனி பெயர் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பதினேழு வயது இரண்டு மாதம். போட்டியின் வரம்போ பதினேழுக்குள்.

"சார், எனக்குப் பதினாறுதான் சார்" என்றான் டேனி. அவனுக்குப் பதினாறுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த ஒரு வருடத்தைச் சேர்த்ததே நான்தான்.

அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்பா அழைத்துப் போனபோது நானும் போயிருந்தேன். எனக்குப் பத்து வயது, அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அம்மா நர்ஸ், வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "பையனுக்கு அஞ்சு முடிஞ்சுதா?" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அப்பா என் பக்கம் திரும்பினார். நான் முந்திக்கொண்டு, "போன நவம்பர்லயே அஞ்சு முடிஞ்சிடுச்சு டீச்சர். கேக் வெட்டினோம்" என்றேன். கேக் என்றதும் அவர் நம்பிவிட்டார். எழுதியும்விட்டார்.

விதி விதிதான். எங்கள் அணி விலக்கப்பட்டது. ஆடாமலே கோப்பை பல்லாவரம் பக்கம் போனது. எங்கள் பையன்கள் சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தனராஜ் சார் ரிஜிஸ்டரை மூடி பியூனிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது ஏழுமலை பந்தைத் தட்டிக்கொண்டே டேனியிடம் வந்தான்.

"டேய், கப்பு வாங்கின மாதிரியே இல்லடா. வா, சும்மா ஒரு மேட்ச் ஆடலாம்."

ஆடினார்கள். நடுவரும் வீட்டுக்குப் போகாமல் விசில் ஊதினார். அந்த வருடத்திலேயே மிகச் சிறந்த ஆட்டம் அதுதான். ஏழுமலையின் அக்குளுக்குக் கீழே புகுந்து டேனி கடைசிக் கூடையைப் போட, இரண்டு புள்ளியில் நாங்கள் ஜெயித்தோம். எந்தக் கணக்கிலும் சேராத வெற்றி. என் நோட்டில் மட்டும் இருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

டேனி என்னோடு பேச ஜூன் மாதம் ஆயிற்று. அதுவும், "அக்கா, காலேஜ் அப்ளிகேஷனை நானே ஃபில்லப் பண்ணிக்கிறேன், நீ தொடாதே" என்றுதான் பேச்சைத் தொடங்கினான். இன்றுவரை எங்கள் வீட்டில் நான் எதையாவது சந்தேகப்பட்டு வாயைத் திறந்தால், டேனியின் பிள்ளைகள், "அத்தை ஏணி கேக்குறாங்க" என்பார்கள்.

டேனியும் ஏழுமலையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே அணியில் பல வருடம் ஆடினார்கள். போன வருடம் டேனி ரிட்டயர் ஆனான். பேப்பரில் அறுபது, நிஜத்தில் ஐம்பத்தொன்பது. பிரிவு விழாவில், "இன்னும் ஒரு வருஷம் வேலை பார்த்திருப்பேன். அக்கா தயவில் இன்னிக்கே வீட்டுக்குப் போறேன்" என்று பேசினான். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஏழுமலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு இன்னும் ஒன்றரை வருடம் சர்வீஸ் பாக்கி.

"அக்கா, இவன் இல்லாம ஆபீஸே பேஜாராயிடும். எனக்கும் அறுபது ஆயிடுச்சுன்னு ஒரு பெட்டிஷன் எழுதிப் போடேன்."

"வேணாம்ப்பா. அப்புறம் பாரபட்சமில்லாம என் பென்ஷன் ஃபைலையும் எடுத்துப் பார்ப்பாங்க" என்றேன். "என்னை ஸ்கூல்ல சேர்க்கும்போது யார் என்ன சொன்னாங்களோ, எனக்கே தெரியாது."